கொசு வந்துட்டா

சாயங்காலம் ஆறு மணிக்குங்க. ஏழு பேரு உக்காந்திருப்பாங்க இந்தத் தளத்துல, வட்டமா நாற்காலி போட்டு. கொசு வந்துட்டா, எல்லாரும் எந்திரிச்சு உள்ள போயிடுவாங்க. தினமும் இதான் நடக்கறது. எந்த நேரத்துல ஜாஸ்தின்னு கேட்டீங்கல்ல, அதுக்குச் சொன்னேன்.

நீங்க அளங்கண்ணா. நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன், நீங்க பாட்டுக்கு அளங்க. டேப்போட அந்த முனைய இப்படிக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன். தனியா வந்திருக்கீங்க, எப்படி ரெண்டு முனையையும் புடிப்பீங்க? நேராப் புடிப்பேன், பயப்படாதீங்க. தெனம் நூறு கையப் புடிச்சு நரம்பு தேடிக் குத்தறவ நான். லேப்ல வேலை. ரத்தம் எடுக்கறது. காலைல இருட்டோட போனா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீடு, இன்னிக்கு உங்களுக்காக லீவு போட்டிருக்கேன்.

அய்யோ, அங்க நிறுத்தாதீங்க. இன்னும் தள்ளி வாங்க. அந்த மூடியத் தாண்டி. ஆமா, சாக்கடைத் தொட்டி மூடிதான். சமையக்கட்டுத் தண்ணி, துணி தொவைக்கற தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான் போகுது. அதையும் உள்ள சேத்துத்தான் வலை வரணும். தெரியும்ணா. மூலைல உடைஞ்சிருக்கு, கொசு அதுக்குள்ள இருந்துதான் வருது, எல்லாம் தெரியும். பெரியவரு போன்ல மூடிக்கு இந்தப் பக்கம்னு சொன்னாரா? சொல்லியிருப்பாரு. அவரு எங்க வீட்டுக்காரரோட அண்ணன், மாடில குடியிருக்காரு. எதையும் போன்லயே சொல்லிடுவாரு, வேலைன்னா எறங்கி வந்து பாக்க மாட்டாரு. கீழ நடக்கறதுக்கு நான்தான் பொறுப்பு. மூடிக்கு அந்தப் பக்கம் ரெண்டடி விட்டு சட்டத்த நிறுத்துங்க. எதுக்குன்னு சொல்றேன், சொல்லாம விட மாட்டேன்.

இருங்க, டீ கொண்டாந்துடறேன். நாற்காலி எடுத்துப் போட்டுக்கோங்க. அந்த எட்டாவது நாற்காலி வேணாம், அது மடக்கியே கெடந்து துருப்புடிச்சிருக்கு. வேற எதுல வேணா உக்காருங்க.

இந்தாங்க. சக்கர போதுமா?

இப்ப மொய்க்கற கொசுவப் பாத்து இந்த எடத்தக் கேவலமா நெனச்சுடாதீங்க. ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கணும் நீங்க. இந்தத் தெருவுலயே பொழுது சாஞ்சப்பறம் வெளிய கால நீட்டி உக்கார முடிஞ்ச ஒரே வீடு இதுதான். எதிர்வீட்டம்மா மதில் மேல எட்டிப் பாத்து, அப்படி என்னம்மா மந்திரம் போட்டீங்கன்னு கேப்பாங்க. நான்தான் போட்டேன். அஞ்சாறு வருசமாப் போட்டேன்.

மொதல்ல கொசுவத்தி. எல்லாரும் ஆரம்பிக்கற எடம் அதான? நாலு மூலைக்கு நாலு கொளுத்தி வெச்சேன். எங்க மாமியாரு இருமுனாங்க. கொசு இருமல. அப்பறம் பேட்டு. அதுல ஒரு சந்தோசம் இருக்குண்ணா, டப்பு டப்புன்னு பொரியும். சந்தோசந்தான், பலன் இல்ல. அப்பறம் நர்சரில ஒரு ஆளு, இந்தச் செடி வாசத்துக்குக் கிட்டயே வராதும்மான்னு தலைல கட்டிட்டாரு. தொட்டி தொட்டியா வாங்கி வரிசையா வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கறேன், கொசு வந்து அந்த எலை மேலயே உக்காந்து எளப்பாறிட்டிருக்கு.

அதுக்கப்பறந்தான் மண்டைல ஏறுச்சு. வர்றத அடிச்சுட்டிருந்தா ஆயுசுக்கும் அடிக்கணும். பொறக்கற எடத்த மூடணும். தொட்டிக்கு அடில இருக்கற தட்டு, ஏசி தண்ணி சொட்டற வாளி, மேல தகரத்துல எலை அடைச்சுக் கெடக்கற தண்ணிக் குழாய், மடிச்சு வெச்ச தார்ப்பாய்ல ஒரு பள்ளம். இந்த மடக்கு நாற்காலி இருக்கு பாருங்க, இதுல கால்ல இருக்கற ரப்பர் குமிழ் கழண்டு போச்சுன்னா குழாய்க்குள்ள தண்ணி நிக்கும். மனுசன் உக்காந்திருக்கற நாற்காலிலயே குடும்பம் நடத்திட்டிருந்துச்சுண்ணா! ஒவ்வொண்ணாக் கவுத்தேன், தொடச்சேன், அடைச்சேன்.

ஃபேனு கடைசில. கொசுவுக்கு எடையே கிடையாது, காத்துல அதால பறக்க முடியாது. ஆனா எல்லாரும் ஃபேன தலைக்கு மேல மாட்டறாங்க. அது கடிக்கறது கணுக்கால்ல. நான் மூணு ஃபேன் வாங்கித் தரையோட தரையா வெச்சேன், கால் பக்கமா காத்து போற மாதிரி. வெள்ள பல்ப எடுத்துட்டு மஞ்ச பல்பு போட்டேன். இந்தச் சாக்கடை மூடிக்கு ஒரு ரப்பர் ஷீட்ட அளவா வெட்டி, உடைஞ்ச மூலைய அடைச்சு, மேல செங்கல் வெச்சேன். ஞாயித்துக்கெழமை ஆனா அந்த ரப்பரக் கழட்டிக் கழுவித் திரும்ப மாட்டறது என் வேலை. லீவு நாள்ல மத்தவங்க படுத்துத் தூங்குவாங்க, நான் சாக்கடை மூடிக்கு முன்னாடி குத்த வெச்சு உக்காந்திருப்பேன்.

எதுக்கு இவ்ளோன்னு கேக்கறீங்க. உக்காரறதுக்குத்தான். நானும் இதுல ஒரு நாற்காலில உக்காரணும்னுதான்.

எங்க வீட்டுல நானும் தங்கச்சியும் மட்டுந்தான் வளந்தோம். அம்மா வேலைக்குப் போயிட்டு ராத்திரி வருவாங்க. பேசறதுக்கு ஆள் கெடையாது. இங்க பாத்தா ஏழு பேரு. மாமியாரு, பெரியவரு, அவரு சம்சாரம், அவங்க பொண்ணு, அடுத்த தெருவுல இருக்கற நாத்தனாரு, அவ புருசன், எங்க வீட்டுக்காரரு. சிரிக்கற சத்தம் தெருமுனைக்கே கேக்கும். நான் பஸ்ஸ விட்டு எறங்கி அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே வேகமா நடந்து வருவேன். கேட்டுத் தொறப்பேன். பக்கவாட்டுச் சந்துல வருவேன். யாராவது ஒருத்தர் சொல்றது காதுல விழும். கொசு வந்துட்டா, உள்ள போயிடலாம்னு. நான் பையக் கீழ வெச்சு, மொகம் கழுவி, எட்டு பேருக்கும் டீ போட்டுத் தட்டுல எடுத்துட்டு வந்தா இங்க நாற்காலி மட்டும் இருக்கும். தொட்டுப் பாத்தா சூடு இருக்கும்ணா நாற்காலில.

சே, பாவம், கொசு இவங்கள உக்கார விட மாட்டேங்குதேன்னு நெனச்சேன். ஆறு மணிக்கு நான் வர்ற நேரம் பாத்துத்தான அதுவும் வருது, என் நேரம்னு நெனச்சேன். நெஜமாவே ஆறு மணிக்குத்தான கொசு வரும்? சந்தேகப்பட எடம் எங்க இருக்கு?

அப்படித்தான் இந்த வேலைல எறங்குனது. ஒழிச்சும் காட்டினேன். ஒண்ணு இல்ல. கைய நீட்டி அரைமணி நேரம் உக்காந்து சோதிச்சுப் பாத்தேன், ஒண்ணு கடிக்கல. ஆனாலும் மறுநாள் அதே பேச்சு. கொசு வந்துட்டா, உள்ள போயிடலாம். எனக்கு ஆத்தாமையாப் போச்சு. டார்ச் எடுத்துட்டு வந்து ஒவ்வொரு நாற்காலிக்கும் அடில அடிச்சுப் பாத்தேன். எங்க இருக்கு அத்தை, ஒண்ணையும் காணோமே, எனக்கும் காட்டுங்களேன்னேன். நாத்தனாரு சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி கொட்டுது. பெரியவருக்குப் பொறையேறிடுச்சு. நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுல எல்லாரும் சிரிக்கறப்ப, எதுக்குச் சிரிக்கறீங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?

ஒரு மாசம் முன்னாடி லேப்ல மிஷின் ரிப்பேரு, எங்கள வர வேணாம்னுட்டாங்க. நான் வீட்டுலதான் இருக்கேன்னு மாமியாருக்குத் தெரியாது. பின் ரூம்ல இஸ்திரி போட்டுட்டிருக்கேன். அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், போன ஸ்பீக்கர்ல போட்டு ஊருக்கே கேக்கற மாதிரி வெச்சுத்தான் பேசுவாங்க. நாத்தனாரு கூப்புட்டா. கூப்புட்டு, அம்மா, கொசு வேலைக்குப் போயிட்டாளான்னு கேட்டா.

புரிஞ்சுதாண்ணா? புரியலையா? திரும்பச் சொல்றேன். போயிட்டாளா.

நம்ம பேச்சுல ஒரு சவுகரியம் இருக்கு பாருங்க. கொசு வந்துட்டான்னு சொன்னா, வந்தா அப்பறம் போலாம்னும் இருக்கும். அவ வந்துட்டா, போலாம்னும் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே சத்தம். கொசு இருக்கான்னு கேட்டாலும் அதே கதைதான். ஆறு வருசமா அவங்க ஒண்ணு சொல்லியிருக்காங்க, என் காது வேற ஒண்ணக் கேட்டிருக்கு. வந்துடுச்சுன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாராவது சொல்லியிருந்தா பரவால்ல. சொன்னதே இல்ல. ஆனா ளா? கொசுவுக்கு யாருண்ணா ளா போடுவாங்க? ஈக்குப் போடுவாங்களா, பல்லிக்குப் போடுவாங்களா? அந்த ஒரு எழுத்துல வெளிய வந்துடுச்சு.

நான்தான் கொசு. ரத்தம் எடுக்கறேன்ல, அதான் பேரு.

இஸ்திரிப் பெட்டிய நிமித்தி வெச்சேன். துணியெல்லாம் கருகல. சினிமாலதான் கருகும். அந்த வேட்டிய முழுசாத் தேச்சு மடிச்சுட்டுத்தான் உக்காந்தேன். உக்காந்தப்பறம் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுச்சு. ஒண்ணு ஒண்ணா, பழசெல்லாம். கொசுத் தொல்ல தாங்க முடியலன்னு அத்தை சொல்லுவாங்க. ஆமா அத்தை, இந்த வருசம் ரொம்ப அதிகம், நான் ஒழிச்சுக் காட்டறேன் பாருங்கன்னு சொல்லியிருக்கேன். யாரு? நான். என் வாயால. ஒரு தடவ அத்தை போன்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. நாத்தனாரு, கொசு இருக்கான்னு கேட்டிருந்தா. அத்தைக்குப் பதிலா நான்தான், ஒண்ணு கூட இல்ல, சுத்தமா இருக்கு, தைரியமா வான்னு தட்டி விட்டேன். வந்தா. வந்து வாசல்ல என்னப் பாத்ததும் அவ மொகம் போன போக்கு இருக்கே. அன்னிக்கு அவளுக்கு ஒடம்பு சரியில்ல போலன்னு நெனச்சு ஒரு மாத்திர குடுத்து அனுப்பினேன்.

நீங்க சிரிக்கலாம்ணா, தப்பில்ல. நீங்க சிரிக்கறது வேற.

சண்டையா? எதுக்கு? சண்டை போட்டா மன்னிப்புக் கேப்பாங்க. பெரியவரு வெளையாட்டுக்கும்மாம்பாரு. அத்தை மூக்கச் சிந்தி அழுவாங்க. அப்பறம் நான்தான் போயி, அழாதீங்க அத்தைன்னு தேத்தணும். அவங்க கேட்ட மன்னிப்புக்கு நான் டீ போட்டுக் குடுக்கணும். அந்த ஜோலியே வேணாம்னுட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமை வழக்கம் போல வந்தேன். ரப்பரக் கழட்டினேன், சோப்பு போட்டுக் கழுவினேன், கொடில காயப் போட்டேன். அதோ தொங்குது பாருங்க, நல்லாக் காஞ்சிடுச்சு. ஃபேனுக்குத் தூசி தட்டணும்னு மூணையும் கழட்டி உள்ள கொண்டு போனேன். இன்னும் தட்டிட்டிருக்கேன். அவ்ளோதான் நான் செஞ்சது. கொசுவ நான் வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடல. செஞ்சிட்டிருந்த வேலைய நிறுத்திட்டேன். ஒண்ணும் பண்ணல, அதத்தான் பண்ணேன்.

ஒரே வாரந்தான். அய்யோ, பாத்திருக்கணும் நீங்க. பெரியவரு ரெண்டு கையாலயும் ரெண்டு கணுக்காலையும் அடிச்சுக்கிட்டு ஒரு தாளம் போட்டாரு, அத்தன வயசுல அப்படி ஒரு வேகம். நாத்தனாரு ரெண்டு காலையும் தலையணை ஒறைக்குள்ள விட்டுக்கிட்டு மூட்டை மாதிரி உக்காந்திருந்தா. எந்திரிக்கறப்ப ஒறையோட எந்திரிச்சு அவ புருசன் மேலயே விழுந்தா. நான் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். எல்லாரும் எப்படிக் கத்திட்டு ஓடுனாங்க தெரியுமா? கொசு வந்துடுச்சு, வந்துடுச்சுன்னு. வந்துடுச்சாம்! எவ்ளோ தெளிவாப் பேசறாங்க பாருங்க, நெஜக் கொசு கடிச்சதும்.

காய்ச்சல் கீய்ச்சல் வந்துட்டாங்கறீங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம். அது வேற சாதிக் கொசு, பகல்ல கடிக்கறது, நல்ல தண்ணில பொறக்கறது. அந்தத் தட்டெல்லாம் இன்னும் கவுத்துத்தான் வெச்சிருக்கேன், நீங்களே போயிப் பாருங்க. இது சாக்கடைக் கொசு. சொறிய வைக்கும், தூக்கத்தக் கெடுக்கும். நான் கேட்டதும் அவ்ளோதான்.

சரி, வலைக்கு வர்றேன். எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல பெரிய பதவி குடுத்திருக்காங்க. அதுக்கு இங்க ஒரு விருந்து. அவரோட மேலதிகாரி, கூட வேலை பாக்கறவங்க, குடும்பம் குடும்பமா வர்றாங்க. கொசு இல்லாத வீடுன்னு இவரு ஆபீஸ்ல பெருமை அடிச்சு வெச்சிருக்காரு. இப்பப் பாத்தா அள்ளிட்டுப் போகுது. பெரியவரு யோசிச்சு யோசிச்சு, சுத்தி வலை போட்டுட்டா தீந்துச்சுன்னாரு. போன்ல. உங்களக் கூப்புட்டது அப்படித்தான்.

நானும் யோசிச்சேன். வலை என்ன பண்ணும்? வெளிய இருந்து வர்றதத் தடுக்கும். உள்ளயே பொறக்கறத? அதையும் தடுக்கும்ல, வெளிய போக விடாம. அதான் மூடிய உள்ள எடுங்கன்னேன்.

டேப்ப மடக்காதீங்கண்ணா. முடியல இன்னும்.

உங்க மேல ஒரு பழியும் வராது. வீட்டுக்காரம்மா காட்டின எடத்துல சட்டம் நிறுத்தினேன்னு சொல்லுங்க, உண்மைதான? இல்ல, பெரியவருகிட்ட சொல்லித்தான் ஆகணும்னா சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க. உங்க தம்பி சம்சாரம் இப்படிப் பேசுதுன்னு சொல்லுங்க. அவரு என்ன கேப்பாரு தெரியுமா? கொசு சொன்னாளான்னு கேப்பாரு. கேட்டுட்டுச் சிரிப்பாரு. அந்த ளா உங்க காதுலயும் விழும். விழுந்தப்பறம் உங்க இஷ்டம், எங்க வேணா போட்டுக் குடுங்க.

போன் போடலையா? சரி.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, தம்ளரக் குடுங்க, குடிச்சிட்டீங்கல்ல? அடி வரைக்கும் குடிச்சிருக்கீங்க. இந்தத் தளத்துல உக்காந்து நான் போட்ட டீய ஆறாம குடிச்ச மொத ஆளு நீங்கதான். வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல.

அவரா? எங்க வீட்டுக்காரரு பாவம்தானங்கறீங்க. நேத்து வரைக்கும் நானும் அதத்தான் சொல்லிட்டிருந்தேன். ஏழு பேருல அவரு மட்டுந்தான் கடைசியா எந்திரிப்பாரு. எந்திரிச்சு அவரு நாற்காலிய எனக்குத் திருப்பி வெச்சுட்டுப் போவாரு. அதையே அன்புன்னு நெனச்சுட்டிருந்தேன், பாத்துக்கோங்க. மத்தவங்க பேசறது அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா விட மாட்டாருன்னு நெனச்சேன். நேத்து வரைக்கும் என் மனசுல இந்த மூடி வலைக்கு வெளியதான் இருந்துச்சு. அவரு விருந்து, அவரு ஆபீஸ் ஆளுங்க, அவரு மானம். நீங்க வந்து போனதும் ரப்பரத் திரும்ப மாட்டிடலாம், மத்தவங்க ஒரு மாசம் சொறிஞ்சது போதும்னு இருந்தேன்.

ஒண்ணும் ஆகலண்ணா. நீங்க எத்தன மணிக்கு வர்றீங்கன்னு கேக்கறதுக்கு உங்க நம்பரத் தேடினேன். பெரியவரு எங்க வீட்டுக்காரரு போனுக்கு அனுப்பியிருக்கேன்னாரு. அவரு குளிச்சிட்டிருந்தாரு. அவரு போன எடுத்து கொசுவலைன்னு போட்டுத் தேடினேன். ரெண்டு வந்துச்சு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு. பேரே கொசுவலை. அத்தை, பெரியவரு, அவரு சம்சாரம், பொண்ணு, நாத்தனாரு, அவ புருசன், இவரு. ஏழு பேரு. கொசு உள்ள வரக் கூடாதுல்ல, நான் இல்ல. யாரு ஆரம்பிச்சதுன்னு கீழ போட்டிருக்கும் பாத்திருக்கீங்களா? இவருதான். எங்களுக்குக் கல்யாணம் ஆன அந்த வாரம். உள்ள என்ன பேசியிருக்காங்கன்னு நான் படிக்கல. உங்க நம்பர மட்டும் எடுத்துக்கிட்டு வெச்சுட்டேன்.

சரி, அளவெல்லாம் குறிச்சுட்டீங்களா? ஒரு ஓட்டை இல்லாம இறுக்கமாப் போட்டுக் குடுங்க, பதினாறாந் தேதிக்குள்ள முடிச்சுடுங்க. பதினெட்டாந் தேதி சனிக்கெழமை விருந்து. பதினேழாந் தேதி காலைல வண்டி சொல்லியிருக்கேன், மூணு ஃபேனையும் ஏத்திக்கிட்டு நான் என் தங்கச்சி வீட்டோட போயிடறேன்.